ஒரு சேலை, ஆயிரம் ஸ்டேட்டஸ்

இணையத்தில் விற்பது எளிதாகிவிட்டது. லாபம் மட்டும் ஏன் கையில் தங்குவதில்லை?

காலை பத்து மணிக்குள் படங்கள் வந்துவிடும். சேலம் மாவட்டத்தில் கஞ்சமலைக்கு அருகே இருக்கும் இளம்பிள்ளையில், தறியிலிருந்து இறங்கிய புதுச் சேலைகளை விரித்துப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார்கள் மொத்த வியாபாரிகள். ‘சிங்கிள் பீஸ் கிடைக்கும், ரீசெல்லர்ஸ் வரலாம், சிஓடி இல்லை’ என்று கீழே ஒரு வரி. சற்று நேரத்தில் அதே படம் தேனியிலும் தஞ்சாவூரிலும் ஆம்பூரிலும் ரீசெல்லர்களாக மறுவிற்பனை செய்யும் பெண்களின் ஸ்டேட்டஸில் ஏறிவிடுகிறது. விலையில் மட்டும் ஐம்பதோ நூறோ கூடியிருக்கும். ‘அக்கா, மயில் கழுத்து கலர் இருக்கா?’, ‘அக்கா, பிளவுஸ் பிட் சேர்த்தா?’ என்று கேள்விகள் வரத் தொடங்கும். மதியச் சமையலுக்கு நடுவே அவற்றுக்குப் பதில் போய்க்கொண்டிருக்கும்.

இந்த வியாபாரத்துக்குக் கடை பிடிக்க வேண்டாம், சரக்கு வாங்கி அடுக்க முதல் வேண்டாம். வாடிக்கையாளர் ஜிபேயில் பணம் போட்டதும், ரீசெல்லர் தன் பங்கை நிறுத்திக்கொண்டு மீதியை இளம்பிள்ளைக்கு அனுப்புகிறார். சேலை அங்கிருந்தே கூரியரில் கிளம்புகிறது. பார்சலின் மேல் அனுப்புநராக ரீசெல்லரின் பெயர்தான் இருக்கும். மொத்த வியாபாரி தன் விசிட்டிங் கார்டைக்கூட உள்ளே வைப்பதில்லை. வைத்தால் அடுத்த தடவை வாடிக்கையாளர் நேராகத் தன்னிடமே வந்துவிடுவார், அப்புறம் ரீசெல்லர்கள் யாரும் தன் படத்தைத் தொட மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். யாரும் கையெழுத்துப் போடாத இந்த ஒப்பந்தத்தின் மேல்தான் ஊர் ஊராக ஒரு சேலைச் சந்தை நடக்கிறது.

பத்து ஆண்டுகளுக்கு முன் இதை நினைத்துப் பார்த்திருக்க முடியாது. 2016 ஏப்ரலில் யுபிஐ அறிமுகமானது. அதே ஆண்டு செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டாவின் விலையைத் தரைக்கு இறக்கியது. 2018 ஜனவரியில் வாட்ஸ்அப் பிசினஸ் செயலி வந்தது. அடுத்த ஆண்டே அதில் பொருள்களை விலையோடு அடுக்கிக் காட்டும் கேட்லாக் வசதியும் சேர்ந்தது. 2020-ல் கொரோனா ஊரடங்கு கடைகளை மூடியபோது, வீட்டிலிருந்து விற்பதற்கு வேண்டிய எல்லாம் ஏற்கெனவே எல்லோர் கையிலும் இருந்தன.

இதே வழியில் வளர்ந்த ஒரு பெரிய நிறுவனத்தின் கதையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2015-ல் பெங்களூரில் தொடங்கிய மீஷோ, ஆரம்பத்தில் வளர்ந்ததே வாட்ஸ்அப்பில் மறுவிற்பனை செய்த இல்லத்தரசிகளை நம்பித்தான். நிறுவனம் பெரிதானதும் வாங்குபவருக்கே நேராக விற்கத் தொடங்கியது. நடுவில் இருந்த ரீசெல்லர் மெல்ல மெல்லத் தேவைப்படாமல் போனார். வாடிக்கையாளர் யார் கையில் இருக்கிறாரோ அவர்தான் கடைசியில் நிலைக்கிறார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது. இணையத்தில் விற்கும் சிறு வியாபாரிகள் பலரும் ஃபாலோயர்ஸை எண்ணுகிறார்கள், லைக்கை எண்ணுகிறார்கள், ரீல்ஸ் எத்தனை பேரிடம் போனது என்று பார்க்கிறார்கள். இரண்டாவது தடவை வாங்க வந்தவர் எத்தனை பேர் என்று எண்ணுகிறவர்கள் குறைவு.

ஒரே படம், ஒரே சண்டை

ஒரு சேலையின் படம் ஆயிரம் ஸ்டேட்டஸில் இருந்தால், வாங்குபவர் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: விலை. ‘இன்னொரு அக்கா அம்பது ரூபா கம்மியா தர்றாங்களே’ என்று ஸ்கிரீன்ஷாட் வரும். இவர் முப்பது குறைப்பார், அவர் இன்னும் இருபது குறைப்பார். கடைசியில் ஒரு சேலைக்கு முப்பது ரூபாய் நிற்கும். இருபது கேள்விக்குப் பதில் சொல்லி, முகவரி வாங்கி, கூரியர் எண் அனுப்பி, ‘எப்ப வரும்’ என்பதற்கு நான்கு நாள் சமாதானம் சொன்னதற்கான கூலி அந்த முப்பது ரூபாய்.

இதிலிருந்து வெளியே வருவதற்குப் பெரிய முதலீடு தேவையில்லை. மொத்த வியாபாரி அனுப்பும் நாற்பது படங்களையும் அப்படியே ஏற்றாமல், தன் வாடிக்கையாளருக்குப் பிடிக்கும் என்று தோன்றும் நாலைந்து சேலையை மட்டும் வரவழைத்து, கையால் தொட்டுப் பார்த்து, வீட்டு வாசலில் பகல் வெளிச்சத்தில் தானே வீடியோ எடுத்துப் போடுவதுதான் வழி. முந்தி எப்படி இருக்கிறது, பார்டர் எத்தனை விரற்கடை, உடுத்தினால் உப்பிக்கொண்டு நிற்குமா, உடம்போடு படியுமா, முதல் தண்ணீரில் சாயம் போகுமா, பிளவுஸ் பிட் சேர்த்து நீளம் 6.3 மீட்டர் இருக்கிறதா என்று ஜவுளிக்கடையில் விற்பனையாளர் சொல்வதையெல்லாம் சொந்தக் குரலில் சொல்ல வேண்டும். பெரிய தளங்களால் செய்ய முடியாதது இது. அங்கே ஒரே பக்கத்தில் லட்சம் சேலை இருக்கும். ‘இதை உங்க மாமியாருக்குக் கொடுக்கலாம், கல்யாணத்துக்கு வேண்டாம்’ என்று சொல்ல ஆள் இருக்காது.

நிறம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆன்லைன் சேலையில் அடிக்கடி வரும் புகார், படத்தில் ஒரு நிறம், பார்சலில் ஒரு நிறம் என்பதுதான். ஃபில்டர் போடாத படமும், டியூப்லைட் இல்லாத வெளிச்சமும் பாதிப் புகாரைக் குறைக்கும். மீதிக்கு நம் பழைய நிறப்பெயர்கள் இருக்கின்றன. அரக்கு, வாடாமல்லி, கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள் என்று எழுதினால் தமிழ்நாட்டுப் பெண்களுக்குப் படத்தைவிடச் சரியாக நிறம் புரியும். ‘டார்க் பிங்க்’ என்று போட்டால் ஆளுக்கொரு நிறம் மனதில் வரும்.

அப்புறம், ‘விலைக்கு டிஎம் செய்யவும்’. இதை யார் முதலில் தொடங்கினார்களோ தெரியவில்லை, எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். கேட்டால் பேச்சு தொடங்கும், பேச்சு தொடங்கினால் வியாபாரம் முடியும் என்ற நினைப்பு. நடப்பது வேறு. ஆளைப் பார்த்து விலை சொல்கிறார்களோ என்ற சந்தேகம்தான் வாங்குபவருக்கு முதலில் வருகிறது. விலையைப் படத்தின் மேலேயே எழுதிவிடுவது நல்லது. கூரியர் செலவையும் சேர்த்தே எழுதிவிட்டால் இன்னும் நல்லது.

பத்து பார்சலின் கணக்கு

இணைய வியாபாரத்தில் கை சுடுவது பெரும்பாலும் விற்காமல் போவதால் இல்லை, விற்றது திரும்பி வருவதால்தான். இதைக் கணக்கோடு பார்த்துவிடலாம். எண்கள் உதாரணத்துக்குத்தான். உங்கள் எண்களைப் போட்டு நீங்களே ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

500 ரூபாய்க்கு வாங்கிய சேலையை 700-க்கு விற்கிறோம். கூரியர் 60, கவர் 10. இன்ஸ்டாகிராமிலும் ஃபேஸ்புக்கிலும் விளம்பரம் போட்டதில் ஓர் ஆர்டருக்கு 50 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அந்த விளம்பரத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு என்பதையும் பலர் பில் வந்த பிறகுதான் கவனிக்கிறார்கள். எல்லாம் போக ஒரு சேலைக்கு 80 ரூபாய் நிற்கிறது. பத்து சேலை போனால் 800 ரூபாய்.

இப்போது அதே பத்து பார்சலையும் பணம் பிறகு வாங்கிக்கொள்ளும் சிஓடி முறையில் அனுப்புவோம். இரண்டு பேர் பார்சலை வாங்காமல் திருப்பிவிடுகிறார்கள். ‘வீட்ல ஆள் இல்ல’, ‘நான் ஆர்டர் பண்ணல, பையன் போனை நோண்டிட்டான்’, ‘இப்ப காசு இல்ல’ என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். திரும்பி வரும் ஒவ்வொரு பார்சலுக்கும் போக 60, வர 60, கவர் 10, விளம்பரம் 50 என 180 ரூபாய் கையிலிருந்து போகிறது. எட்டு சேலையில் கிடைத்த 640-ல் 360 போய், மிஞ்சுவது 280. மூன்று பார்சல் திரும்பினால் 560-ல் 540 போய், மிஞ்சுவது 20 ரூபாய். நான்கு திரும்பினால் கைநட்டம் 240. அதுவும் திரும்பி வந்த சேலை மடிப்புக் கலையாமல், அழுக்குப் படாமல் வந்தால்.

பத்துக்கு மூன்று திரும்பினால் வியாபாரமே இல்லை என்று இந்தக் கணக்கு சொல்கிறது. பெரிய நிறுவனங்கள் இந்த இழப்பைத் தாங்கும். அவற்றுக்கு முதலீட்டாளர்கள் இருக்கிறார்கள், கூரியரில் மொத்தப் பேரமும் இருக்கிறது. அவற்றைப் பார்த்துச் சிறு வியாபாரியும் ‘சிஓடி உண்டு, ஃப்ரீ டெலிவரி, ஈஸி ரிட்டர்ன்’ என்று அறிவித்தால் முதலுக்கே மோசம் வரும்.

ஆனால் சிஓடி கேட்பவரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. அவர் ஏன் கேட்கிறார்? எங்கோ ஓர் இன்ஸ்டாகிராம் பக்கத்துக்குப் பணம் அனுப்பி ஏமாந்திருப்பார். நல்ல கடையின் படங்களைத் திருடி, அதே பெயரில் ஓர் எழுத்தை மாற்றிக் கணக்குத் தொடங்கி, முன்பணம் வாங்கியதும் வாடிக்கையாளரை பிளாக் செய்யும் கூட்டம் இருக்கிறது. அந்த ஏமாற்றுக்காரன் தின்றதற்கு, ஒழுங்காக விற்கும் இளம்பிள்ளை வியாபாரியும் தேனி ரீசெல்லரும் ரிட்டர்ன் பார்சலாக வட்டி கட்டுகிறார்கள். அவநம்பிக்கையின் செலவு 180 ரூபாய் என்று கணக்கில் எழுதிக்கொள்ளலாம். அப்படி எழுதினால், நம்பிக்கை வளர்க்கச் செய்யும் வேலைகள்தான் விளம்பரத்திலேயே மலிவானவை என்பது விளங்கும்.

அந்த வேலைகள் பெரியவை அல்ல. ஆர்டர் வந்ததும் ஒரு போன் செய்து முகவரியையும் அடையாளத்தையும் உறுதிப்படுத்துவது. முழுத் தொகையும் முன்பணமாகக் கேட்கத் தயங்கினால், 100 ரூபாயாவது முன்பணம் வாங்குவது. நூறு ரூபாய் கொடுத்தவர் பார்சலைத் திருப்ப யோசிப்பார். முன்பணம் முழுதும் செலுத்துபவருக்கு முப்பது நாற்பது ரூபாய் குறைப்பது. ரிட்டர்னில் போகும் 180-ஐவிட அது குறைவுதான். பேக் செய்யும்போது ஒரு சிறு வீடியோ எடுத்து வாங்கியவருக்கே அனுப்பிவிடுவது. கடை முகவரி, போன் எண், உண்மையான வாடிக்கையாளரின் படம், அதுவும் அவரிடம் கேட்டுக்கொண்டு போட்ட படம், இவை பக்கத்தில் இருப்பது.

விற்பவரும் ஏமாறுகிறார். பணம் அனுப்பியதாகப் போலி ஸ்கிரீன்ஷாட் வருவது அன்றாடம் ஆகிவிட்டது. வங்கிக் கணக்கில் வரவு ஆகியிருக்கிறதா என்று பார்க்காமல் பார்சலைக் கட்டக் கூடாது. ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லி மொத்த ஆர்டர் கொடுத்து, ‘பணம் அனுப்புகிறேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள்’ என்பது நாடு முழுக்கப் பரவிய மோசடி. பணம் வாங்குவதற்கு யாரும் எதையும் ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை, பின் எண் போட வேண்டியதும் இல்லை. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைத்துவிட வேண்டும்.

‘பட்டு’ என்று எழுதுவதற்கு முன்

இளம்பிள்ளையிலும் அதைச் சுற்றியும் நெய்யப்படும் சேலைகளில் பெரும்பகுதி செயற்கைப் பட்டும் கலப்பு நூலும்தான். அதில் தவறு ஒன்றும் இல்லை. எண்ணூறு ரூபாயில் பட்டுப்போல் பளபளக்கும் ஒரு சேலை கிடைப்பதால்தான் எத்தனையோ வீடுகளில் பண்டிகைக்குப் புதுச் சேலை எடுக்க முடிகிறது. தவறு, அதைக் ‘காஞ்சிபுரம் பட்டு’ என்று எழுதும் இடத்தில் தொடங்குகிறது. காஞ்சிபுரம் பட்டு புவிசார் குறியீடு பெற்றது. தூய பட்டுக்கு 2004 முதல் சில்க் மார்க் முத்திரை இருக்கிறது. கைத்தறிக்கு 2006 முதல் கைத்தறி முத்திரை இருக்கிறது. விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று எழுதி விற்பவர், வாங்குபவரை மட்டும் ஏமாற்றவில்லை. தறிக் குழியில் கால் வைத்து நாள்கணக்கில் ஒரு சேலை நெய்பவரின் கூலியையும் சேர்த்தே அடிக்கிறார். இந்த ஒன்றில் சமாதானம் சொல்ல இடமே இல்லை.

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிகம்) விதிகள் 2020 ஜூலையில் வந்தன. பொருளில் பழுது இருந்தாலோ, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாவிட்டாலோ, சொன்ன நாளுக்குப் பிந்தி வந்தாலோ விற்றவர் அதைத் திரும்ப வாங்க மறுக்கக் கூடாது. ‘நோ ரிட்டர்ன், நோ எக்ஸ்சேஞ்ச்’ என்று எத்தனை பெரிய எழுத்தில் போட்டாலும் அந்தக் கடமை போகாது. தானே வாடிக்கையாளர் போல் வேடமிட்டுத் தன் பொருளைப் புகழ்ந்து விமர்சனம் எழுதுவதையும் அந்த விதிகள் தடுக்கின்றன. வீட்டிலிருந்து விற்றாலும், தொடர்ந்து வியாபாரமாகச் செய்பவருக்கு இவை பொருந்தும். இன்னொன்றும் உண்டு. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வாங்கியவர் தான் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். திருநெல்வேலிக்கு அனுப்பிய சேலைக்காகச் சேலத்து வியாபாரி திருநெல்வேலி ஆணையத்தில் பதில் சொல்ல வேண்டி வரும்.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. ‘நிறம் மாறியிருந்தால், கிழிந்திருந்தால் மூன்று நாளில் சொல்லுங்கள், மாற்றித் தருகிறேன், பிடிக்கவில்லை என்பதற்கு மட்டும் மாற்ற முடியாது’ என்று நேர்மையாக ஒரு வரி போட்டால் சட்டத்துக்கும் பொருந்தும், வாங்குபவருக்கும் தைரியம் வரும். சேலையைப் பிரிக்கும்போது வீடியோ எடுக்கச் சொல்வது நியாயமான வேண்டுகோள்தான். வீடியோ இல்லை என்ற ஒரே காரணத்தால் கிழிசலைக் கண்ணால் பார்த்த பிறகும் மறுப்பது நியாயம் ஆகாது.

ஜூன் 29, 2020

அன்று இரவு இந்திய அரசு 59 சீனச் செயலிகளைத் தடை செய்தது. அவற்றில் டிக்டாக்கும் ஒன்று. நகரத்துச் சாயல் இல்லாத, ஆங்கிலம் பேசாத எத்தனையோ பேர் தங்கள் ஊர்ப் பண்டத்தையும் கைத்தொழிலையும் லட்சக்கணக்கானவர்களிடம் கொண்டுபோன மேடை அது. தடை சரியா தவறா என்பது வேறு பேச்சு. லட்சம் ஃபாலோயர்ஸ் வைத்திருந்தவருக்கு அவர்களில் ஒருவரின் போன் எண்கூட மிஞ்சவில்லை என்பதுதான் வியாபாரி கவனிக்க வேண்டியது. சில நாள்களில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இந்தியாவுக்கு வந்தது. எல்லோரும் ஒன்றிலிருந்து மறுபடி தொடங்கினார்கள்.

தடைதான் வர வேண்டும் என்பதில்லை. ஒரு நாள் பாஸ்வேர்டைத் திருடி யாரோ கணக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம். யாரோ தவறாகப் புகார் செய்து கணக்கு முடங்கலாம். கண்ட மென்பொருளில் மொத்தமாகச் செய்தி அனுப்பினால் வாட்ஸ்அப் அந்த எண்ணையே தடை செய்யலாம். எதுவும் நடக்காமலேயே, தளம் தன் கணக்கீட்டை மாற்றிக்கொண்டதால் நேற்றுவரை பத்தாயிரம் பேர் பார்த்த வீடியோவை இன்று முந்நூறு பேர் பார்க்கலாம். அங்கே போய்க் கேட்க ஆள் கிடையாது.

அதனால் இணையத்தில் விற்கும் ஒவ்வொருவரிடமும் ஒரு நோட்டு இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. காகித நோட்டாக இருக்கலாம், எக்செல் ஆக இருக்கலாம். பெயர், போன் எண், ஊர், என்ன வாங்கினார், எந்த நிறம், எந்த மாதம், யாருக்காக வாங்கினார் என்று அதில் இருக்க வேண்டும். மகள் கல்யாணத்துக்கு வாங்கியவர் அடுத்த ஆண்டு வளைகாப்புக்கு வாங்குவார். ஆடியில் தள்ளுபடிக்குக் காத்திருப்பவர் யார், தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே எடுப்பவர் யார் என்று அந்த நோட்டு சொல்லும். வாட்ஸ்அப் பிராட்காஸ்ட்டில் ஒரு பட்டியலுக்கு 256 பேர்தான் சேர்க்க முடியும், அதுவும் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவருக்குத்தான் செய்தி போகும். இதைக் குறையாக நினைக்க வேண்டாம். உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருக்கும் 256 பேர், வெறுமனே பார்த்துவிட்டுப் போகும் ஐம்பதாயிரம் ஃபாலோயர்ஸைவிட அதிகம் வாங்குவார்கள். அவர்களிடம் புதுச் சரக்கு வரும்போது மட்டும் பேசினால் போதும். தினம் காலை வணக்கம் அனுப்பினால் மியூட் செய்துவிடுவார்கள். அந்த எண்களை வேறு யாருக்கும் கொடுக்கவும் கூடாது; அவர்கள் உங்களை நம்பிக் கொடுத்தவை.

கடையின் பெயரையும் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். பெயர் கொஞ்சம் பரவியதும் அதையே இன்னொருவர் வைத்துக்கொள்வது சாதாரணமாக நடக்கிறது. தனிநபரும் சிறு நிறுவனமும் இணையவழி விண்ணப்பித்தால், வணிக முத்திரைப் பதிவுக்கு அரசுக் கட்டணம் ஒரு வகைக்கு 4,500 ரூபாய். பத்து ஆண்டு செல்லும்.

எல்லோரும் இந்தியா முழுக்க விற்க வேண்டுமா?

தையல் கடைக்கும் மெஸ்ஸுக்கும் டூவீலர் மெக்கானிக்குக்கும் ரீல்ஸ் எதற்கு என்று யோசிக்க வேண்டும். அவர்களின் வாடிக்கையாளர் மூன்று கிலோமீட்டருக்குள் இருக்கிறார். அவருக்கு வேண்டியது கூகுள் மேப்பில் கடை சரியான இடத்தில் தெரிவது, திறக்கும் நேரம் சரியாக இருப்பது, போன் எண் வேலை செய்வது, உள்ளே எப்படி இருக்கும் என்று நாலு படம். கூகுள் பிசினஸ் புரொஃபைல் முற்றிலும் இலவசம். ‘உங்கள் கடையை கூகுளில் முதலில் கொண்டுவருகிறோம், மாதம் இத்தனை கட்டுங்கள்’ என்று போனில் வருபவர்களுக்குப் பணம் கொடுப்பது வீண். பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் சரியாகப் பதிவு செய்து, சாப்பிட்டுப் போகிறவரிடம் ‘ரெண்டு வரி எழுதிட்டுப் போங்க தம்பி’ என்று கேட்டாலே போதும். மோசமான விமர்சனம் வந்தால் சண்டை போடாமல் பொறுமையாகப் பதில் எழுத வேண்டும். விமர்சனம் எழுதியவர் அந்தப் பதிலைப் படிக்கிறாரோ இல்லையோ, அடுத்து வரப்போகிறவர் படிப்பார்.

தின்பண்டம் விற்பவர்களின் சிக்கல் வேறு. கோவில்பட்டி கடலைமிட்டாய் பல நாள் தாங்கும், கூரியரில் உடைந்தாலும் உண்ணலாம். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு நாள் குறைவு. நான்காவது நாள் போய்ச் சேர்ந்தால் கடையின் பெயர் கெடும். மரச்செக்கு எண்ணெயில் ஒரு மூடி கசிந்தால் கூரியர்காரர் அடுத்த தடவை வாங்கவே மாட்டார். உடன்குடி கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, ஆனால் சர்க்கரை கலந்த கருப்பட்டிக்கும் அதே பெயரை ஒட்டுகிறவர்கள் உண்டு. பனையேறியிடமிருந்து காய்ச்சும் அடுப்பு வரை வீடியோவாகக் காட்டக்கூடிய வியாபாரிக்கு இங்கே நல்ல இடம் இருக்கிறது. வீட்டில் செய்து விற்றாலும் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு வேண்டும். அந்தப் பதிவு எண்ணையும், எடையையும், தயாரித்த நாளையும் பாக்கெட்டில் அச்சிட வேண்டும். ‘வீட்டுத் தயாரிப்பு’ என்பது விலக்கு ஆகாது.

வரியைப் பற்றிய பயம்தான் பலரைத் தடுக்கிறது. உண்மையில் வழி முன்பைவிட எளிதாகியிருக்கிறது. முன்பெல்லாம் அமேசான் போன்ற தளங்களில் ஒரு ரூபாய்க்குப் பொருள் விற்றாலும் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். 2023 அக்டோபர் 1 முதல், ஆண்டு விற்பனை 40 லட்சத்துக்கு உட்பட்டவர்கள் தங்கள் மாநிலத்துக்குள் மட்டும் விற்பதானால், ஜிஎஸ்டி தளத்தில் ஒரு சேர்க்கை எண் பெற்றுக்கொண்டு பதிவு இல்லாமலே விற்கலாம். பெங்களூருக்கோ ஹைதராபாத்துக்கோ அனுப்பத் தொடங்கினால் கதை மாறும். மாநிலம் தாண்டிப் பொருள் விற்கப் பதிவு வேண்டும். சில கைவினைப் பொருள்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. முதல் ஆண்டு தமிழ்நாட்டுக்குள்ளேயே விற்றுப் பழகிவிட்டு, பிறகு பதிவு செய்து எல்லை தாண்டுவது நிதானமான வழி. சிறுதொழில் பதிவான உத்யம் சான்றிதழுக்கு ஆதாரும் பானும் போதும், ஒரு பைசா கட்டணம் கிடையாது. அரசுத் தளம்போலவே தோற்றம் காட்டி அதற்கு ஆயிரம், இரண்டாயிரம் வாங்குகிற தளங்கள் இருக்கின்றன. முகவரி அரசுக்குரிய ‘gov.in’ என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஆதார் எண்ணைப் போட வேண்டும். இணையத்தில் விற்கக் கற்றுக்கொள்ள நினைப்பவர்களுக்குச் சென்னை கிண்டியில் இருக்கும் தமிழ்நாடு அரசின் தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம் பயிற்சிகள் நடத்துகிறது. யூடியூபில் ‘மாதம் ஒரு லட்சம்’ என்று கூவி வகுப்பு விற்பவர்களிடம் போவதற்கு முன் அங்கே விசாரிக்கலாம்.

பெரிய தளங்களே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். புது ஆள் கண்ணில் படுவதற்கு அவை நல்ல இடம். அரசு ஆதரவோடு வந்த ஓஎன்டிசி, 2022 ஏப்ரலில் சோதனையாகத் தொடங்கிய ஐந்து நகரங்களில் கோவையும் ஒன்று; எந்தச் செயலியில் இருப்பவரும் எந்தக் கடையிலும் வாங்கலாம் என்ற அதன் எண்ணம் சிறு வியாபாரிக்குச் சாதகமானது. ஆனால் எங்கே விற்றாலும், அங்கே வந்தவரை நல்ல பொருளாலும் சொன்ன சொல்லாலும் தன் வாடிக்கையாளராக ஆக்கிக்கொள்ளத் தெரியாவிட்டால், ஒவ்வொரு மாதமும் விளம்பரத்துக்குப் புதிதாகப் பணம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

கடைசியாக, வாங்குகிற நமக்கு. பண்டிகைக்கு ஸ்டேட்டஸில் பார்த்து ஒரு சேலையோ ஒரு கிலோ கருப்பட்டியோ கேட்டீர்கள் என்றால், முதல் தடவை சின்னத் தொகைக்கு வாங்கிப் பாருங்கள். சரியாக இருந்தால் அடுத்த தடவை முன்பணமாகவே அனுப்புங்கள். பொருள் சொன்னபடி இல்லையென்றால் தயங்காமல் திருப்பிக் கேளுங்கள், தராவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். சிஓடியில் சொல்லிவிட்டு மனம் மாறினால், பார்சல் கிளம்பும் முன் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கூரியர்காரர் வாசலில் நிற்கும்போது ‘வேண்டாம்’ என்று சொல்லும் அந்த ஒரு சொல்லுக்கு, எங்கோ ஓர் ஊரில் ஒரு பெண்ணின் இரண்டு சேலை லாபத்துக்கும் மேல் போய்விடுகிறது.